குறுக்கே கட்டிய நூல்

சேலம் அம்மாபேட்டையில் நெசவாளி மருதாசலத்தின் வீட்டு மருமகள் பழனியம்மாள் ஓடிய ஓட்டத்தைப் பற்றி ஊரில் பலவிதமாகச் சொல்வார்கள். முதல் பந்தயத்தில் அவள் தோற்றுப்போனாள் என்பார்கள் சிலர். கூட்டத்தைக் கண்டு மிரண்டு திரும்பி ஓடிவிட்டாள் என்று சொல்லிச் சிரிப்பவர்களும் உண்டு. அவளுடைய மாமியார் முத்தாயம்மாள் காதுபடச் சொல்ல மட்டும் எவருக்கும் துணிவு வந்ததில்லை. நல்ல குடும்பத்தைப் பற்றி வாய்க்கு வந்தபடி பேசுகிறவர்கள் இனியும் பேசட்டும். நடந்தது இதுதான்.

அம்மாபேட்டையில் பாவடி என்று சொன்னால் இரண்டு தெருக்களுக்கு நடுவே நீளமாகக் கிடக்கும் வெட்டவெளி. இரு ஓரமும் புளியமரங்கள். தறியில் ஏறவேண்டிய நெடுக்கு நூலுக்குப் பாவு என்று பெயர். அதை அங்கேதான் ஓட்டுவார்கள். வரிசையாகக் குச்சிகளை நட்டு, இரு முனையிலும் கனமான கட்டை அடித்திருக்கும். பெண்கள் கைக்கு ஒரு கதிராக நூல் சுற்றிய கதிர்களைப் பிடித்துக்கொண்டு, குச்சிக்குக் குச்சி நூலை மாற்றி மாற்றி விட்டபடி போவார்கள். முனைக்கட்டையைச் சுற்றிக்கொண்டு திரும்பி வருவார்கள். மறுபடியும் போவார்கள். வெயில் ஏறினால் நூல் முறுகும், காற்று எழுந்தால் அறும் என்பதால் விடிந்தும் விடியாததுமாகத் தொடங்கி, குமரகிரி மலைமேல் வெயில் பளிச்சென்று அடிக்கும்போது முடித்துவிட வேண்டும்.

நூல் அறுந்தது தெரியாமல் போனால் துணியில் இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை ஒரு கோடு விழும். சேலை வியாபாரி அதை விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஒரு வார்த்தையும் பேசாமல் மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவான். மருதாசலத்தின் வீட்டுத் துணி அப்படித் திரும்பி வந்ததில்லை. அதற்குக் காரணம் முத்தாயம்மாள்.

நெட்டையான உடம்பு. உட்கார்ந்தாலும் சுவரில் சாய மாட்டாள். தலைக்குடத்தோடு வரும்போதும் அவள் முதுகு வளைந்து யாரும் பார்த்ததில்லை. இடுப்புச் சாவிக்கொத்தின் சத்தம் கேட்டால் தறிக்குழியில் இருக்கும் ஆண்கள்கூடப் பேச்சை நிறுத்திக்கொண்டு மிதியை மிதிப்பார்கள். அவளைப் பார்த்துச் சிரிக்கத் துணிந்தவர் அவள் கணவர் மருதாசலம் ஒருவர்தான். அவரும் தறிக்குழிக்குள் பத்திரமாக இறங்கி உட்கார்ந்துகொண்டுதான் சிரிப்பார்.

மகன் மணியனுக்கு ராசிபுரத்துப் பக்கம் பெண் எடுத்தார்கள். பெண் கறுப்பு, காலும் கையும் நீளம். வந்த முதல் வாரமே பாவு ஓட்ட இறங்கியவள், மற்றப் பெண்களைப்போல் நடக்கவில்லை. ஓடினாள். நடந்தால் கால் பின்னிக்கொள்கிறது என்றாள். சேலையைக் கெண்டைக்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, இரண்டு கையிலும் கதிர் சுழல, குச்சிகளின் ஓரமாக அவள் போவதைப் பார்த்து, பாவு நூலுக்குப் போடும் கஞ்சியைக் காய்ச்சுகிற பெண்கள் அகப்பையை நிறுத்திவிடுவார்கள்.

"மருமவள எடுத்துட்டு வான்னா, என்ற பொண்டாட்டி ரயிலு வண்டிய எடுத்துட்டு வந்திருக்கா," என்றார் மருதாசலம். தெருவே அதைச் சொல்லிச் சிரித்தது.

அந்த வாரத்தில்தான் ஒரு நாள் நூல் அறுந்தது. பழனியம்மாள் ஓடுகிற வேகத்தில் கவனிக்காமல் மேலும் சில சுற்றுப் போய்விட்டாள். முத்தாயம்மாள் சத்தம் போடவில்லை. ஓட்டியிருந்த பாவு முழுவதையும் கழற்றச் சொன்னாள். காலைச் சோறுகூட இல்லாமல் முதலிலிருந்து ஓட்டவைத்தாள். முடிந்ததும் தன் கையாலேயே களியும் கொள்ளுக் கடைசலும் போட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டு, "இந்த ஊட்டுல கை அறுந்தாலும் நூல் அறக்கூடாது. தெரிஞ்சுக்க சாமி," என்றாள். அதன் பிறகு பழனியம்மாள் கையில் நூல் அறுந்ததே இல்லை. வேகமும் குறையவில்லை.

பாவடி ஓரமாகத் தினமும் பள்ளிக்கூடம் போகும் ஜானகியம்மாள் என்ற வாத்தியாரம்மா இதையெல்லாம் பார்த்துக்கொண்டேதான் போய்வந்தாள். வெள்ளைக்காரச் சக்கரவர்த்தி பட்டமேறிய வெள்ளிவிழா வந்த சித்திரைக் கடைசியில், ஊருக்கு வெளியே மைதானத்தில் விளையாட்டுப் பந்தயங்கள் வைத்தார்கள். பெண்களுக்கும் ஓர் ஓட்டம் உண்டு என்றும், ஒவ்வொரு பேட்டையிலிருந்தும் ஆள் வந்தால் நல்லது என்றும் ஜானகியம்மாள் வந்து கேட்டாள். முத்தாயம்மாள் முதலில் வேண்டாம் என்றாள். நாலு பேர் பார்க்க ஓடவேண்டுமே என்றுதான் தயங்குகிறீர்களா என்று வாத்தியாரம்மா கேட்டபோதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. பாவடியில் நாலு பேர் பார்க்கத்தானே தினமும் ஓடுகிறாள். உழைக்கிற ஓட்டத்தில் என்ன மானக்கேடு இருக்கிறது என்று திருப்பிக் கேட்டாள். கேட்ட பிறகு அனுப்பாமல் இருக்க முடியவில்லை. ஆனால் வேறு உடுப்புப் போடமாட்டாள், தன் தறியில் நெய்த சேலையோடுதான் ஓடுவாள், குடும்பமே கூட வரும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

அந்த மைதானத்தில் நடந்ததை அம்மாபேட்டையே பார்த்தது. பள்ளிக்கூடத்துப் பெண்களும் ஆஸ்பத்திரித் தாதிப் பெண்களும் வெள்ளை உடுப்பில் நிற்க, பழனியம்மாள் கட்டம்போட்ட சேலையை வரிந்து கட்டிக்கொண்டு நின்றாள். துப்பாக்கி வெடித்தது. பாதித் தூரத்துக்குள் அவள் தனியாகத் தெரிந்தாள். மணியன் துண்டைச் சுழற்றினான். எல்லையில் இரண்டு கட்டை நட்டு, குறுக்கே மார்பளவில் வெள்ளை நூல் கட்டியிருந்தது. அதன் பக்கத்தில் போனவள் சட்டென்று ஒதுங்கி, இடது பக்கக் கட்டையைக் கையால் பிடித்துச் சுற்றிக்கொண்டு, வந்த வழியே திரும்பி ஓடத் தொடங்கினாள். எதிரே வந்த பெண்கள் அவளைத் தாண்டிப் போய் நூலை அறுத்தார்கள். இவள் புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்று, எல்லோரும் ஏன் சிரிக்கிறார்கள் என்று பார்த்தாள்.

நடுவராக நின்ற துரை தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். வெள்ளிக் கோப்பை ஆஸ்பத்திரிப் பெண் ஒருத்திக்குப் போயிற்று.

வண்டியில் வீடு திரும்பும்போது மருதாசலம்கூட வாயைத் திறக்கவில்லை. ஏன் இப்படிச் செய்தாய் என்று மணியன் கேட்டதற்கு, தெரியாமல் பண்ணிவிட்டேன் என்று மட்டும் சொன்னாள் அவள். முத்தாயம்மாள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்பது அவளுடைய கௌரவத்துக்குக் குறைவாகப் பட்டது.

மறுநாள் காலையில் பழனியம்மாள் பாவடிக்கு இறங்கினாள். நடந்தாள்.

அதற்கடுத்த நாளும் நடந்தாள். கோட்டை மாரியம்மன் பண்டிகை வந்து போயிற்று; ஆடிக் காற்றில் புளியம்பிஞ்சு உதிர்ந்தது; புரட்டாசி பிறந்தது; அவள் நடந்துகொண்டே இருந்தாள். சேலையைத் தூக்கிச் செருகுவதும் இல்லை. களியில் பாதியை வைத்துவிட்டு எழுந்தாள். முன்பெல்லாம் இவள் தின்கிறதற்கு இன்னொரு அடுப்புப் போடவேண்டும் என்று சலித்துக்கொண்ட முத்தாயம்மாள், இப்போது மிச்சம் கிடக்கும் களியைத் தினமும் நின்று பார்த்துவிட்டுப் போனாள். தீபாவளிக்கு அனுப்பவேண்டிய சேலைகளுக்குப் பாவு போதவில்லை. தறிகள் காத்துக்கிடந்தன. தாய்வீட்டுக்கு ஒரு நடை போய்வரட்டுமா என்று பழனியம்மாள் மணியனிடம் கேட்டிருக்கிறாள். அவனும் போகட்டுமே என்று தாயிடம் வந்து சொன்னான். ஊர் சிரித்துத் துரத்திவிட்டது என்ற பேரோடு ஒரு மருமகள் இந்த வீட்டுப் படியைத் தாண்ட மாட்டாள் என்று சொல்லி முத்தாயம்மாள் அவனை அனுப்பிவிட்டாள்.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. மழை நாளில் பாவடிக்கு வேலையில்லை. நெசவாளிகள் தறிக்கொட்டகையில் கூடிக் கடலையை உரித்துக்கொண்டு பேசுவார்கள். அப்படி ஒரு நாள் மருதாசலத்தின் பங்காளி சென்னியப்பன் வந்தார். அடுத்த தெருப் பாவடி அவருடைய கையில் இருந்தது. இரண்டு தெருவுக்கும் யார் துணி நயம் என்பதில் அப்பன் காலத்திலிருந்தே ஒரு போட்டி. கார்த்திகையில் ஜில்லாப் பந்தயம் வைக்கிறார்களாம், அம்மாபேட்டைக்கு ஒரு பேர் கேட்கிறார்களாம் என்று சுற்றி வளைத்துத் தொடங்கினார்.

"இந்தத் தடவ எங்க தெருவுல இருந்தே ஒரு புள்ளைய அனுப்பலாம்னு இருக்கறோமுங்க அண்ணி. அதுக்கு நேராப் போகத்தான் தெரியும். திரும்பி வரத் தெரியாது."

கொட்டகையில் இரண்டு பேர் சிரிப்பை அடக்கினார்கள். முத்தாயம்மாள் கடலைத் தோலை ஊதினாள்.

"அப்பிடீங்களா கொழுந்தனாரே. அப்ப பந்தயம் முடிஞ்சதும் ரெண்டு ஆள உட்டுத் தேடிக் கூட்டியாங்க. காடு மேடெல்லாம் போயிரப்போகுது."

இப்போது எல்லோருமே சிரித்தார்கள், சென்னியப்பனும் சிரித்தார். ஆனால் அவர் போன பிறகு முத்தாயம்மாள் வெகுநேரம் அந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அன்று மாலையே ஜானகியம்மாள் குடையோடு வந்தாள். வெள்ளிக்கிழமைக்குள் பேர் கொடுக்கவேண்டும், சென்னியப்பன் கேட்டுக்கொண்டிருக்கிறார், என்றாலும் எனக்கு மனசு உங்கள் மருமகள் மேல்தான் என்றாள். வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்றாள் முத்தாயம்மாள்.

மறுநாள் பாவுக்குப் போடக் கஞ்சி காய்ச்சினார்கள். பெரிய மண்மிடாவில் கஞ்சி குமிழியிட்டது. பழனியம்மாள் துழாவிக்கொண்டிருந்தாள். மாமியார் விறகைத் தள்ளிவிடுகிறவள்போல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஏம் பழனி, ஒண்ணு கேக்கறேன். மறைக்காமச் சொல்லோணும். அன்னைக்கு அந்தக் கட்டையச் சுத்திக்கிட்டு ஏன் திரும்புன? பாவுன்னு நெனச்சுட்டியா?"

"இல்லீங்க அத்தே."

"பின்ன, பயந்துட்டியா?"

"பயமெல்லாம் இல்லீங்க." அகப்பை சுற்றிச் சுற்றி வந்தது. "குறுக்க நூல் கட்டியிருந்துதுங்க."

"அதுக்கு?"

"நான் போற வேகத்துல போனா அறுந்துபோயிருமுங்க. அறக்கூடாதுன்னு ஒதுங்குனேன். ஒதுங்குனதும் கட்டை கைக்கு வந்திருச்சு. அப்பறம் காலு தானாத் திரும்பிருச்சுங்க."

முத்தாயம்மாள் விறகை அடுப்பிலிருந்து வெளியே இழுத்தாள். பிறகு உள்ளே தள்ளினாள்.

"அறுக்கத்தான் அந்த நூலக் கட்டுறாங்கன்னு வாத்தியாரம்மா சொல்லலியா?"

"சொன்னாங்க. கேட்டுக்கிட்டேன். கண்ணுல பாத்ததும் மனசு ஒப்பலீங்க அத்தே. இழுத்துக் கட்டின நூலப் போயி எப்பிடிங்க நெஞ்சுல மோதி அறுக்கறது? இன்னொருக்காப் போனாலும் அப்பிடித்தான் பண்ணுவேன். அதுக்குத்தான் போகலைங்கறேன்."

"அன்னைக்கே இத ஏன் சொல்லல?"

"நீங்க சொல்லிக்குடுத்ததாலதான் தோத்தேன்னு ஊரு சொல்லுமுங்க. அது எதுக்குங்க."

கஞ்சி அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. துழாவச் சொல்லிவிட்டு எழுந்து கொல்லைப்புறம் போனாள் முத்தாயம்மாள். மழை தூறிக்கொண்டிருந்தது. நனைகிறோம் என்பதே தெரியாமல் அங்கே நின்றாள். ஐந்து மாதமாக ஊர் சிரித்த சிரிப்பையெல்லாம் இந்தப் பெண் வாயை மூடிக்கொண்டு வாங்கியிருக்கிறாள். எதற்காக என்று நினைக்க நினைக்க அவள் முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது. வெட்கப்பட வேண்டியது எதுவும் நடக்கவே இல்லை. அந்த மைதானத்தில் நின்ற அத்தனை பேரிலும் நூலின் அருமை தெரிந்தவள் ஒருத்திதான். அவள் இந்த வீட்டு மருமகள்.

அன்று இரவுச் சோற்றின்போது அதைக் கணவரிடம் சொன்னாள். மருதாசலம் பிசைந்த கையை நிறுத்தினார். ஆக, ரயில் நின்றது கைகாட்டி விழாததால்தான் என்றார். கைகாட்டி உன் கையில்தானே இருக்கிறது என்று மனைவியைப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை பழனியம்மாளின் பேரே கொடுக்கப்பட்டது. அவளை யாரும் கேட்கவில்லை. மாமியார் சொன்னாள், அவள் தலையாட்டினாள். ஆனால் அந்தத் தலையாட்டலில் சம்மதம் இருந்ததே தவிர நம்பிக்கை இல்லை என்பது முத்தாயம்மாளுக்குத் தெரிந்தது.

தீபாவளி கழிந்து தறிகளுக்கு ஓய்வு கிடைத்தது. மழை விட்டு, சேர்வராயன் மலை கழுவித் துடைத்ததுபோல் தெரிந்த ஒரு காலையில், எல்லோரும் பாவடியில் இருக்கும் நேரமாகப் பார்த்து முத்தாயம்மாள் மருமகளை அழைத்துக்கொண்டு போனாள். அன்று தன் வீட்டுப் பாவு எதுவும் ஓட்டவில்லை. ஒரு முனையில் இரண்டு கட்டைகளை எதிரெதிராக அடிக்கச் சொன்னாள். மடியிலிருந்து ஒரு சிட்டம் நூலை எடுத்தாள். வீட்டில் இருந்ததிலேயே நயமான நூல் அது. கல்யாணச் சேலைக்கென்று பெட்டியில் வைத்திருந்தது. அதில் ஓர் இழை இழுத்து மார்பளவில் குறுக்கே கட்டினாள்.

மட்டமான நூலாகக் கட்டினால் என்ன என்று மணியன் கேட்டான். மட்டமானதை அறுக்க யாருக்கும் மனசு வரும் என்றாள்.

அந்தக் கடைசியிலிருந்து பழனியம்மாள் ஓடி வந்தாள். மாதக்கணக்கில் நடந்த கால், மண்ணைத் தொட்டதும் தன் வேலையை மறக்கவில்லை. ஆனால் நூலுக்கு ஒரு முழம் இருக்கும்போது குதிகாலை ஊன்றி நின்றுவிட்டாள். மறுபடி போகச் சொன்னார்கள். மறுபடியும் வந்து நின்றாள். மூன்றாம் முறை கண்ணை மூடிக்கொண்டு வந்தாள். அப்போதும் அந்த இடம் வந்ததும் கால் நின்றது. அவள் கண்ணில் நீர் நிறைந்திருந்தது. அடுத்த தெருவிலிருந்து சென்னியப்பனும் வந்து புளியமரத்தடியில் நின்றுகொண்டார். பெண்கள் கதிரைக் கையில் பிடித்தபடி பார்த்தார்கள்.

"என்னால ஆகாதுங்க அத்தே," என்றாள் பழனியம்மாள்.

முத்தாயம்மாள் பாவடியை ஒருமுறை பார்த்தாள். தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும் தெருவைப் பார்த்தாள். பிறகு இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்துக் கணவர் கையில் கொடுத்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். சேலையைக் கெண்டைக்காலுக்கு மேல் தூக்கிக் கட்டினாள். அவள் கெண்டைக்காலை அந்தத் தெரு அதுவரை பார்த்ததில்லை. நேராக மறு முனைக்கு நடந்து போய்த் திரும்பி நின்றாள்.

அவள் ஓடினாள்.

அதை ஓட்டம் என்று மற்ற ஊரில் ஒத்துக்கொள்வார்களோ என்னவோ. முழங்கால் மடங்கவில்லை, முதுகும் வளையவில்லை. நட்டுவைத்த கம்பம் பிடுங்கிக்கொண்டு வருகிறதுபோல் வந்தாள். கொண்டை அவிழ்ந்து தோளில் விழுந்தது. மூச்சு இரைத்தது. கஞ்சி காய்ச்சுகிறவர்கள் அடுப்பை மறந்து எழுந்தார்கள். நூலின் பக்கத்தில் வந்தபோது ஒரு கணம் அவள் முகமும் கோணியது. பிறந்ததிலிருந்து காத்த ஒன்றின்மேல் காலை வைக்கிறவள்போல் இருந்தது. நிற்கவில்லை. நெஞ்சை நிமிர்த்தி அப்படியே மோதினாள்.

டப்பென்று நூல் அறுந்த சத்தம் பாவடி முழுதும் கேட்டது.

 முத்தாயம்மாள் புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். சென்னியப்பன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். மருதாசலம்தான் சாவிக்கொத்தைக் குலுக்கியபடி முதலில் பேசினார்.

"ரயிலு வண்டிக்கு இஞ்சினு நம்மூட்டுலயே இருந்திருக்குது. எனக்குத்தான் இத்தன நாளாத் தெரியல."

பழனியம்மாள் சிரித்துவிட்டாள். சித்திரைக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றுதான். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, உட்கார்ந்துவிட்டாள். முத்தாயம்மாளின் மூச்சு அடங்கியது. கீழே கிடந்த இரண்டு முனைகளையும் பொறுக்கினாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே வைத்து ஒரு உருட்டு உருட்டினாள். முடிச்சு எங்கே என்று தெரியாதபடி நூல் ஒன்றாயிற்று.

"பாரு சாமி. அறுத்தது நான். ஆராச்சும் கேட்டா என்னையக் கேக்கட்டும். அறுந்தா முடியறதுக்குத்தான் சாமி வெரலக் குடுத்திருக்குது. வந்த புதுசுல பாவுல அறுந்தத நீ முடியாம உட்டுட்டு ஓடுன பாரு, அன்னைக்கு அதுக்குத்தான் கோவிச்சுக்கிட்டேன். அறுந்ததுக்கில்ல." அதே நூலை மறுபடி குறுக்கே இழுத்துக் கட்டினாள். "வா. இப்ப நீ அறு. நான் முடியறேன்."

பழனியம்மாள் எழுந்து போனாள். அவள் வந்த வேகத்தில் புளியஞ்சருகு மேலே எழும்பியது. நூல் அறுந்தது, மாமியார் முடிந்தாள். மறுபடி வந்தாள்; மறுபடி அறுந்தது. வெயில் ஏறும்வரை இப்படியே நடந்தது. கல்யாணச் சேலை நூலில் ஒரு இழை முடிச்சு முடிச்சாகிவிட்டது. அன்று பகல் அவள் களியைத் தின்றுவிட்டு இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள்.

கார்த்திகைப் பந்தயத்துக்கு அம்மாபேட்டையிலிருந்து வண்டி வண்டியாகச் சனம் போனது. தெரு மானம் என்று வந்தபின் பங்காளிச் சண்டை எதற்கு என்று சொல்லிச் சென்னியப்பனும் தன் வண்டியைப் பூட்டினார். அதே மைதானம், அதே கட்டைகள், குறுக்கே அதேபோல் வெள்ளை நூல். போன தடவை சிரித்தவர்கள் இந்தத் தடவையும் சிரிக்கத் தயாராக முன்னாலேயே வந்து இடம் பிடித்திருந்தார்கள். கட்டமிட்ட சேலையைக் கண்டதும், திரும்பி வந்துடாதே என்று ஒருவன் கத்தினான். முத்தாயம்மாள் எல்லைக் கட்டைக்கு ஓரமாக, கயிற்றுக்கு வெளியே நின்றாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. வலது கை விரல்கள் மட்டும் ஒன்றோடொன்று உருண்டுகொண்டிருந்தன.

ஓட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சீக்கிரம் முடிந்துவிட்டது. மற்றவர்கள் பாதித் தூரம் வந்திருக்கும்போது பழனியம்மாள் நூலுக்கு முன்னால் இருந்தாள். அந்த இடத்தில் கண்ணை ஒருமுறை திருப்பி மாமியாரைப் பார்த்தாள். பிறகு நெஞ்சால் அறுத்துக்கொண்டு போனாள். நூல் அவள் தோளில் சிக்கி, அவள் நிற்கிறவரை பின்னாலேயே பறந்தது.

சத்தம் அடங்கிக் கோப்பை கொடுக்கிற மேசைக்குப் பழனியம்மாளை அழைத்தார்கள். அவள் போகவில்லை, திரும்பி எல்லைக் கட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அங்கே முத்தாயம்மாள் கயிற்றைத் தாண்டி உள்ளே வந்திருந்தாள். யாரையும் கேட்கவில்லை. ஒரு கட்டையில் தொங்கிய முனையை எடுத்தாள். மருமகளைக் கையசைத்து அழைத்து, அவள் தோளில் கிடந்ததையும் எடுத்தாள். கம்பளி நூல், முறுக்குப் போதாது என்று முணுமுணுத்தாள். இரண்டையும் சேர்த்து உருட்டி முடிந்தாள். இழுத்துப் பார்த்தாள். நின்றது. துரை, பரிசு கொடுக்க வந்த துரைசாணி, மைதானத்துச் சனம் எல்லோரும் அந்த அம்மாள் முடிக்கிறவரை காத்திருந்தார்கள். பிறகு, "இப்பப் போயி வாங்கிக்க," என்றாள்.

அது முதல் கோப்பை. அதன்பிறகு ஜில்லாவில் அவளை முந்த ஆள் இல்லை. நாமக்கல்லில் ஓடினாள், ஈரோட்டில் ஓடினாள். மூத்த பிள்ளை பிறந்த மறுவருஷமும், குழந்தையை மாமியார் இடுப்பில் கொடுத்துவிட்டு ஓடி ஜெயித்தாள். பாவு ஓட்டுகிற வேலையையும் விட்டதில்லை. கோப்பை வாங்கிய மறுநாள் விடிகாலை கதிரோடு பாவடியில் நிற்பாள். கோப்பைகளைச் சாமி மாடத்துப் பக்கத்தில் வரிசையாக வைத்தார்கள். ஒன்றில் மோர் ஊற்றிக் குடித்துப் பார்க்கவேண்டும் என்று மருதாசலம் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். கிடைக்கவில்லை. சென்னியப்பன் வெளியூர் வியாபாரிகளிடம் எங்கள் அண்ணன் மருமகள் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். எல்லா ஊரிலும் முத்தாயம்மாள் எல்லைக் கட்டை ஓரம் நின்றாள்; எல்லா ஊரிலும் அறுந்த நூலை முடிந்துவிட்டுத்தான் வந்தாள். கொஞ்ச நாளில் பந்தயம் நடத்துகிறவர்களே அந்த முனைகளைப் பத்திரமாகப் பிடித்துவைத்துக் காத்திருக்கக் கற்றுக்கொண்டார்கள்.

ஜெர்மனிக்காரன் சண்டை தொடங்குவதற்கு முந்தின தையில் சென்னைப் பட்டணத்தில் மாகாணப் பந்தயம் வந்தது. முத்தாயம்மாளுக்கு அப்போது முழங்காலில் வாதம். ரயிலில் அவ்வளவு தூரம் உட்கார முடியாது. மணியனும் ஜானகியம்மாளும் கூடப்போனார்கள். முத்தாயம்மாள் பேரனைத் தொட்டிலில் ஆட்டிக்கொண்டு வீட்டில் இருந்தாள். ஜெயித்துவிட்டாள் என்று தந்தி முதலிலேயே வந்துவிட்டது. தெருவில் வெடி போட்டார்கள். வந்தவர்களுக்கெல்லாம் தட்டுவடையும் காப்பியும் கொடுத்தாளே தவிர, அவள் முகம் முழுதாகத் தெளியவில்லை.

பழனியம்மாள் வந்து இறங்கினாள். கையில் இதுவரை வாங்காத அளவுக்குப் பெரிய கோப்பை. அதை மாமியார் காலடியில் வைத்துவிட்டுக் கும்பிட்டாள். முத்தாயம்மாள் கோப்பையைப் பார்க்கவில்லை.

"முடிஞ்சியா?"

"முடிஞ்சு இழுத்துப் பாத்துட்டுத்தான் அத்தே மேடைக்கே போனேன். அங்க எல்லாரும் எதுக்குன்னு தெரியாம நின்னாங்க."

"நிக்கட்டும்," என்றாள் முத்தாயம்மாள். அன்றுதான், வாழ்நாளில் முதல் தடவையாக, பின்னால் இருந்த சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள்.